வாப்பாவுக்கு எப்படி ‘இஸ்’ போடுவது?

ஜூலை 14, திங்கள்
இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் மூடிவிடுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக இப்ஹாம் நானாவுக்கு. தங்கச்சியைக் கேலி பண்ண அவருக்கு ஒரு வரி போதும். அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இங்கிலிஷ் பரீட்சையில் முப்பத்தொன்று. ஒருவர் என்றால் இஸ், பலர் என்றால் ஆர். தெரியும்! ஆனால் ‘என் வாப்பா’ கட்டுரை முழுக்க ஆர் போட்டிருக்கிறேன். வாப்பா ஆர் டோல். வாப்பா ஆர் செலிங் சாரி. பதினான்கு சிவப்புக் கோடு.

தாளில் வாப்பாவின் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். நாற்பது எடுக்காவிட்டால் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடுவார்களாம். வாப்பாவோ கடைக்கு வருகிற எல்லாரிடமும் “மகள் இங்கிலிஷ் மீடியம்” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 15
காட்டவில்லை.

ஜூலை 16, புதன்
ஒரு வாப்பாவுக்கு ஏன் ஆர் என்று டிலக்ஷி மிஸ் கேட்டார். பயத்தில் மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

“இஸ் பூனைக்குப் போடுற மிஸ். வாப்பாவுக்கு எப்படிப் போடுற?”

வகுப்பே சிரித்தது. துஷ்யந்தி மேசைக்கடியில் தலையை விட்டுச் சிரித்தாள். மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இங்கிலிஷில் ராஜாவுக்கும் இஸ்தானாம். பாவம் ராஜா.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கையெழுத்து?

ஜூலை 17
கணக்குக் கொப்பிக்குள் ஒளித்த தாளைக் காணவில்லை. இராச்சாப்பாட்டில் நானா மெதுவாக, “உம்மா, எங்கட ஊட்டுல எத்தின வாப்பா இருக்கிறாங்க?” என்றார். உம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வாப்பா பாதிச் சோற்றில் எழுந்து போனார்கள் — கோபமா? என்னைப் பார்க்கக்கூட இல்லையே.

ஜூலை 18, வெள்ளி
அல்ஹம்துலில்லாஹ்! காலையில் தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. கையெழுத்தோடு. அதன் கீழே தமிழில், மிஸ்ஸுக்கு: “பிழைகளை மகள் திருத்துவா. இந்தத் தாளைத் தயவுசெய்து எனக்கே திருப்பித் தரவும். கடையில் மாட்ட வேண்டும்.”

மிஸ் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பித் தந்தார். அதே கட்டுரையைப் புதிதாக எழுதித் தந்தால் புள்ளி மாற்றுவதாகச் சொன்னார்.

ஜூலை 21, திங்கள்
ஒவ்வொரு இஸ்ஸுக்கும் மனதுக்குள் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதினேன். அறுபத்திரண்டு! இங்கிலிஷ் மீடியத்தில்தான் இருக்கிறேன். கடையில் பழைய தாள் சாரிகளுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது, சிவப்புக் கோடுகளோடு. புதியதையும் மாட்டலாமா என்று நாளைக்கு வாப்பாவிடம்—

வாப்பா கதவைத் தட்டுகிறார்கள்.

“மகள், லைட்டை ஓஃப் பண்ணுங்க. வாப்பா ஆர் ஸ்லீப்பி.”