நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வடக்குப்பட்டு,
8-4-1991

அன்புள்ள தம்பி சாம்சனுக்கு,

அக்கா எழிலரசி எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லை என்றாலும் கடிதம் எழுத ஒரு கை போதுமே என்றும் நினைக்கிறேன்.

என் நாவலின் நான்கு நோட்டுகளையும் நீ சென்னைக்கு எடுத்துப்போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கைப்பிரதியைப் பதிப்பாளர் மேசையில் வைத்துப் பேசி முடிப்பதுதான் உன் தொழில், நான் நேரில் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்றாய். சரி என்றேன். பிறகு, முதலாளி படிக்கிறார் என்றாய். புத்தகக் காட்சி முடியட்டும் என்றாய். காகித விலை ஏறிவிட்டது என்றாய். கடைசியாக, முதலாளி பழனிக்கு மொட்டையடிக்கப் போயிருக்கிறார் என்றாய். பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பத்து மாதத்துக்கு மேல் எந்தக் குழந்தையும் உள்ளேயே தங்கி நான் பார்த்ததில்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும். காஞ்சிபுரத்தில் அச்சகம் இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன். சொந்தமாகப் போட்டால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள், கடையில் வைக்கமாட்டார்கள் என்று நீ சொல்வாய். இப்போது மட்டும் எந்தக் கடையில் இருக்கிறது, சொல்.

ஒரு தபால் கார்டு வாங்கும் புத்தியைக் கர்த்தர் உனக்குத் தரட்டும்.

அன்புடன்,
அக்கா எழிலரசி


வடக்குப்பட்டு,
19-7-1991

சாம்சனுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்க மனமில்லை.

உன் கடிதம் கிடைத்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலே எல்லோரும் வாங்கிப் படிப்பார்களாம். அதனால் கதையை அங்கே மாற்றி, இளைய ஓரகத்தி அந்தக் கூட்டத்தில் சாவதாகக் கடைசியில் இரண்டு அத்தியாயம் சேர்த்துக் கொடுத்தால் ஆறு வாரத்தில் புத்தகம் வந்துவிடுமாம். முனியம்மாள் அந்தக் கூட்டத்துக்குப் போய் இடது காது கேட்காமல் போய்த் திரும்பியவள்தானே, அவளைக் கேட்டால் எல்லாம் சொல்வாள் என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறாய்.

என் கதையில் யாரும் சாகவில்லை. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள். ஒருத்தி பெற்ற பிள்ளையை மற்றவள் வளர்க்கிறாள். அவன் யாருக்குப் பிள்ளை என்ற சண்டையில் பத்து வருஷம் பேசாமல் இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. நீ படித்தாயா, இல்லையா?

புத்தி கெட்டுப்போய் முனியம்மாளிடம் கேட்டேன். சுகாதார நிலையத்தில் என்னோடு ஆயாவாக இருக்கிறவள், அப்போது கொதிக்கிற தண்ணீரில் ஊசிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். "இன்னா நர்ஸம்மா, அங்க பாத்தத நான் வூட்ல எம்புருசங்கிட்டகூட சொல்லல. அத்த நீ கதையா எழுதி விக்கப் போறியா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஒரகடத்தில் பஸ் ஏறி, தாம்பரத்தில் மாறி, உன் பதிப்பாளர் ஆபீசுக்குப் போனேன். வாசலோடு ஒருவரும் அனுப்பவில்லை. காபி கொடுத்தார்கள். "வாங்கம்மா, ரெண்டு சாப்டரும் ரெடின்னு சாம்சன் சொன்னாரே, கையோட கொண்டாந்துட்டீங்களா?" என்றார் முதலாளி. அட்டைப்படமும் தயாராக இருந்தது. நெருப்பு, புகை, நடுவில் என் பெயர். நான் எழுதாத அத்தியாயத்துக்கு அட்டை!

நோட்டுகளைத் திருப்பிக் கேட்டேன். "ஒரு வருஷம் போனா யாரும்மா கேப்பாங்க? இப்போதாம்மா விக்கும்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அவர் கதையை முழுக்கப் படித்திருக்கிறார், பெண் பார்க்க வரும் இடத்தைச் சொல்லிச் சிரிக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் வியாபாரி, கேட்டார். என்னைக் கேட்காமல் நீ ஏன் சரி என்றாய்? என் நல்லதுக்குத்தான் என்று மட்டும் பதில் எழுதிவிடாதே.

நான்கு நோட்டுகளையும் கையோடு வாங்கி வந்துவிட்டேன். இனி அவற்றுக்காக நீ யாரிடமும் பேச வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

எழிலரசி


வடக்குப்பட்டு,
6-12-1991

அன்புள்ள தம்பி சாம்சனுக்கு,

பதில் எழுதிவிடாதே என்றால் நிஜமாகவே ஐந்து மாதம் எழுதாமல் இருப்பாயா? சொன்ன பேச்சை நீ கேட்டது இந்த ஒரு தடவைதான்.

புத்தகம் வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் அச்சகத்தில் போட்டேன். முந்நூறு பிரதி. கட்டிலுக்கு அடியில் அடுக்கியதில் உன் மாமா கால் இடித்துக்கொண்டு நொண்டுகிறார். பிழை பார்த்தது நானும் என் மகளும். எங்களுக்கு உன் கண் இல்லை. ஒரு இடத்தில் 'ஓரகத்தீ' என்று அச்சாகிவிட்டது. பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

நீ சொன்னதில் பாதி உண்மை. காஞ்சிபுரம் புத்தகக் கடைக்காரர் மரியாதைக்கு ஐந்து பிரதி வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். படப்பையில் தாயாரம்மாள் மளிகைக் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் பத்து வைத்தேன், ஆறு போயிருக்கிறது. சோப்புக்கு இலவசமா என்று ஒருவர் கேட்டாராம்.

தடுப்பூசி போடும் நாளில் பிள்ளைகளோடு காத்திருக்கும் பெண்களுக்கு நாலு நாலு பக்கமாகப் படித்துக் காட்டுகிறேன். முனியம்மாள் முன்னால் வந்து நல்ல காதைக் கொடுத்து உட்காருகிறாள். கதையில் மூத்த ஓரகத்திக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று சண்டை போடுகிறாள். மாற்றமாட்டேன் என்றேன்.

இப்போது ஒரு தொல்லை. நூற்றுப் பதினொன்றாம் பக்கத்துக்குப் பிறகு மறுபடியும் நூற்றுப் பத்தாம் பக்கமே வருகிறது. நூற்றுப் பன்னிரண்டு இல்லவே இல்லை. முந்நூறு பிரதியிலும் இல்லை. பச்சையப்பனிடம் போய்க் கத்தினேன். கோத்த அச்செழுத்துகளைக் கலைத்துவிட்டார்களாம், புதிதாகக் கோக்க வேண்டுமாம். காலண்டர் வேலை நெரிக்கிறதாம், பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லை இன்னொரு ஆளிடம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஒரு ஆடு தொலைந்து கிடைக்கிறது. ஆனால் அது இல்லாவிட்டால் அடுத்த பக்கத்தில் ஆடு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே.

அதனால் அந்தப் பக்கத்தைக் கையாலேயே எழுதித் தப்பான பக்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை முப்பத்தேழு முடிந்தது. என் கையெழுத்து எப்படி என்று உனக்குத் தெரியும். மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று மகள் சிரிக்கிறாள். நம் வீட்டில் முத்து முத்தாக எழுதுகிறவன் நீ ஒருவன்தான்.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வா. பதிப்பாளர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று ஒன்றும் கேட்கமாட்டேன். கோழி அடிக்கிறேன். உனக்கென்று நூறு பிரதி ஒட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன், அவற்றில் என் கை படாது.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
எழிலரசி