ஜீரோவுக்குக் கீழே

பதிவு 1. முதல் நாள், காலை 9:10. பட்டறை

செவ்வாய் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. சில நாட்களாகக் காணாமல் போயிருந்த, இப்பட்டறையின் ஒரே பத்தாம் நம்பர் ஸ்பானர், சமையலறை அரிசிப் பீப்பாய்க்குள்ளிருந்து உயிருடன் மீட்கப்பட்டது. அதை அங்கே போட்ட குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை. விசாரணை அதிகாரியாக நானே நியமிக்கப்பட்டிருப்பதால் பிடிபடவும் மாட்டான்.

இனி வழக்கமான குறிப்பு.

என் பெயர் சேந்தன். வயது பதினேழு. இது ‘கட்டெறும்பு 8’ கோப்பின் குறிப்புப் பெட்டி. கட்டெறும்பு எங்கள் நிலையத்தின் வண்டி. ஆறு சக்கரம், கறுப்பு உடம்பு, எதன் மேலும் ஏறும். அதன் எஞ்சினை நடத்துவது ஒரு திறமூல இயங்குதளம், இது அதன் எட்டாம் பதிப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லா நிலையங்களுக்கும் அனுப்பலாம். திருத்தியவன் இந்தப் பெட்டியில் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. திறமூலம் என்றால் ‘திறமையின் மூலம்’ என்று நான் விளக்கம் கொடுத்தேன். எட்டு மணி நேரம் இந்த வண்டி சீட்டில் உட்கார்ந்தால் திறமை போய் மூலம் மட்டும் மிஞ்சும் என்றாள் குழலி அக்கா.

குழலி என் உடன்பிறந்த அக்கா. பட்டறைக்குப் பொறுப்பு. போன வருஷம் வரை இந்தக் கோப்பை எழுதி வந்தவளும் அவள்தான். இப்போது நான்.

புதிதாக வருபவர்களுக்கு: செவ்வாயில் காற்றை நம்பி எஞ்சின் ஓட்ட முடியாது. மீத்தேனையும் சுமக்க வேண்டும், அதை எரிக்கும் ஆக்சிஜனையும் சுமக்க வேண்டும். ஓட்டுபவர் மூச்சு விடுவதும் அதே ஆக்சிஜன் டேங்கிலிருந்துதான். எஞ்சினும் நாமும் ஒரே இலையில் சாப்பிடுகிறோம். எஞ்சின் பெருந்தீனிக்காரன்.

அந்தப் பெருந்தீனிக்காரனுக்குத்தான் நான் பத்தியம் போட்டேன். ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளினேன், கலவையை மாற்றினேன். முன்பு டேங்கை நிரப்பினால் மீட்டர் ஜீரோ காட்டும் வரை நானூறு கிலோமீட்டர். இப்போது நானூற்று அறுபது. பதினைந்து சதவீதம். சோதனை ஓட்டத்தின் தரவு முழுக்க இணைப்பில் இருக்கிறது, ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. பதினொரு நிலையங்கள் ஏற்கெனவே இறக்கிக்கொண்டன. பனிவயலுக்கு இரண்டு பெரிய லாரிகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும் எங்கள் ஆட்கள், திரும்பி வந்ததும் என்னை வண்டி ஓட்ட விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாயில் வெறும் வாய் நிறைய உண்டு. எனக்கு மட்டும் மெல்ல அவல் கிடைத்துவிட்டது.

பதிவு 2. இரண்டாம் நாள், காலை 7:40. பட்டறை

துளைக் குடிசையிலிருந்து அழைப்பு. அங்கே ஜெபராஜ் அண்ணன் மட்டும் இருக்கிறார், தண்ணீர் தேடித் துளை போடுகிறவர். குழாய் சரிந்து அவர் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். சிகிச்சைக் கருவி இங்கேதான் இருக்கிறது. நாளை மாலைக்குள் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் கால் போகும், அதோடு நிற்காது என்று கருவியே கணக்குச் சொல்கிறது.

குடிசை இங்கிருந்து இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். போய்வர நானூற்று இருபது. பழைய மீட்டர் கணக்கில் அக்கா யோசித்திருப்பாள். புதிய கணக்கில் யோசிக்கவில்லை. கட்டெறும்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நிலையத்தில் இப்போது நான் மட்டும்.

நேரடியாகப் பேச முடியாது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும்போது வண்டியின் தரவையும் குரலையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்து இங்கே கொட்டும். என்னுடையதை அங்கே கொண்டுபோகும். தபால்காரர் மாதிரி. வண்டி பள்ளத்தில் இருந்தால் வீடு பூட்டியிருக்கிறது என்று போய்விடுவார்.

ஜெபராஜ் அண்ணன் காலையில் அனுப்பியது:

“டேய் சேந்தா. கால்தான் நசுங்கிருக்கு, வாய் நல்லாத்தான் இருக்கு. அந்த ஸ்பானர் நீ எடுத்து ஒளிச்சதுதான்னு பனிவயல் வரைக்கும் தெரியும்டா. நான் வந்து உனக்கு விசாரணை வைக்கிறேன், இரு.”

பதிவு 3. இரண்டாம் நாள், மாலை 4:15. பட்டறை

அக்கா குடிசை சேர்ந்துவிட்டாள். ஆக்சிஜன் ஐம்பத்து நான்கு சதவீதம் மீதி. நான் சொன்ன கணக்குக்கு மயிரிழை பிசகவில்லை. படம் பிடித்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

“எலி, உன் ட்யூனிங் நிக்குதுடா. பரவால்ல, எங்கம்மா வயித்துல ரெண்டும் புத்திசாலி.”

என்னை எலி என்று கூப்பிடும் உரிமை அவளுக்கு மட்டும். நாளை காலை அவரை ஏற்றிக்கொண்டு திரும்புகிறாள்.

பதிவு 4. மூன்றாம் நாள், காலை 9:30. பட்டறை

வந்த வழியில் பாறை சரிந்திருக்கிறது. கிளம்பி நாற்பது கிலோமீட்டர் வந்த பிறகு பார்த்திருக்கிறாள். இரண்டு வழி உண்டு. ஒன்று, குடிசைக்கே திரும்பலாம். அங்கே மூச்சுக்கு மட்டும் ஆக்சிஜன் தயாரிக்கும் சின்ன இயந்திரம் இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் உயிரோடு இருக்கலாம். ஆனால் அண்ணன் கால் காத்திருக்காது. இல்லையென்றால் கிழக்குப் பிளவு வழியாகச் சுற்றி வரலாம். வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர் கூடுதல்.

அடுத்த செயற்கைக்கோள் கடக்கும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறாள், என் பதிலுக்காக. அவள் குரலை அப்படியே எழுதுகிறேன்:

“எலி, விளையாடாமச் சொல்லு. உன் பதினஞ்சு சதவீதம் நம்பலாம்ல? மொத்தம் நானூத்தம்பது ஆவுது. மீட்டர்ல இடம் இருக்கு. அப்படியே பிசகினாலும் பிடியரிசி இருக்குடா. நம்ம வண்டி ஜீரோ காட்டினாலும் ஜீரோ கிடையாது. அது உனக்கே தெரியும். சொல்லு, வரட்டுமா?”

பிடியரிசி: உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்களே, அது. வண்டி பார்க்கிறவர்கள் எல்லோரும் அதையே டேங்கில் செய்வார்கள். மீட்டர் ஜீரோ காட்டும்போதும் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்படி எழுதிவைப்பார்கள். எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொன்னால் அதையும் சேர்த்து எண்ணிச் செலவழித்துவிடுவோமாம்.

கணக்குப் போட்டேன். நானூற்று ஐம்பது. வண்டி நானூற்று அறுபது ஓடும். அது சத்தியம். பத்து கிலோமீட்டர் மிச்சம்.

வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று பட்டது. பனிவயல்காரர்களும் இதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டே சொல் அனுப்பினேன்.

“நம்பலாம்கா. வா.”

பதிவு 5. மூன்றாம் நாள், பகல் 12:50. பட்டறை

தரவு வந்தது. பிளவுக்குள் மண் மாவு மாதிரி இருக்கிறதாம். சக்கரம் பாதி புதைகிறது. வேகம் மணிக்குப் பதினேழு. எஞ்சின் சுற்று உச்சத்தில். ஆக்சிஜன் இருபது. இந்த இடத்தில் இருபத்து நான்கு இருக்க வேண்டும்.

குரலும் வந்தது.

“அண்ணனுக்கு மூச்சு வாங்குது. கேபின்ல ஆக்சிஜன் கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன், ஹீட்டரும் போட்டிருக்கேன். குளிர்ல விறைச்சுப் போய்க் கிடந்தாரு பாவம். இதுக்கு எடுக்காம பிடியரிசியை வேற எதுக்கு வெச்சிருக்கோம்?”

பின்னால் ஜெபராஜ் அண்ணன் குரல். ராஜா மாதிரி கூட்டிட்டுப் போறாங்கடா உங்கக்கா, என்று.

உடனே பதில் பேசினேன். ஹீட்டரை நிறுத்து, கேபினைக் குறை, பிடியரிசியை நம்பாதே, ஏன் என்று வந்ததும் சொல்கிறேன் என்று. செயற்கைக்கோள் எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்த ரசீதில்: வண்டி பள்ளத்தில், செய்தி சேரவில்லை.

பதிவு 6. மூன்றாம் நாள், பகல் 2:35. பட்டறை

மறுபடி அனுப்பினேன். இந்த முறை ஏன் என்பதையும் சொல்லி. முழுக்க. பனிவயலும் கேட்டது. அவர்கள் லாரி இங்கே வர மூன்று நாள்.

ரசீது: சேரவில்லை.

நடந்து போனால்? அவள் நிற்கப்போகும் இடத்தைக் கணக்கிட்டேன். முப்பது கிலோமீட்டர், சில சமயம் முப்பத்தைந்து வருகிறது. என் உடையில் காற்று எட்டு மணி நேரம். மணலில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கலாம். தள்ளுவண்டியில் சிலிண்டர் வைத்தால் இரண்டு. எந்தப் பக்கம் வகுத்தாலும் அதே விடைதான் வருகிறது. நான் கணக்கில் புலி என்று முந்தைய பதிப்புகளின் குறிப்புகளில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

கட்டெறும்பு 8-ஐத் திரும்பப் பெறுகிறேன் என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவிப்பு அனுப்பினேன். நான்கு நிலையங்களிலிருந்து பதில் வந்தது. ஏழிடமிருந்து இல்லை. அந்த ஏழு வண்டிகளும் இப்போது எங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கத் திறமூலத்தில் வழி இல்லை. யாரிடம் இருக்கிறதோ அவர்களுடையது.

பதிவு 7. மூன்றாம் நாள், மாலை 4:20

ஆக்சிஜன் 4
ஆக்சிஜன் 3
வேகம் 16
ஆக்சிஜன் 3

தரவு மட்டும் துண்டு துண்டாக வருகிறது, என் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஹீட்டர் இன்னும் ஓடுகிறது. அக்கா ஹீட்டரை நிறுத்து. இது யாருக்கும் கேட்காது, தெரியும். எழுதுகிறேன்.

சிலிண்டர் இரண்டைத் தள்ளுவண்டியில் கட்டிவிட்டேன். கயிறு சரியாக நிற்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன்.

பதிவு 8. மூன்றாம் நாள், மாலை 5:55. கதவருகே

தபால் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் பேசியது. பிளவை விட்டு வெளியே வந்து மேட்டில் ஏறியதும் அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு தரவு இல்லை.

“எலி, ஜீரோ வந்துருச்சுடா. நீ அங்க ஸ்க்ரீனைப் பாத்துப் பதறிட்டு இருப்பே. பதறாத. கீழ இருக்கு, நான் வெச்சது எனக்குத் தெரியாதா? அறுபது கிலோமீட்டருக்குத் தாங்கும். நமக்கு முப்பதுதான் வேணும். அண்ணன் தூங்கறாரு. உன் செய்தி ரெண்டு வந்து நிக்குது, இப்ப கேக்க நேரமில்ல, வந்து கேட்டுக்கறேன். உலையை வெச்சிரு.”

இதை இறக்கிய, இனி இறக்கப்போகிற எல்லோருக்கும். உடை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன், கையுறையோடு. எழுத்து தப்பினால் திருத்திப் படியுங்கள்.

செவ்வாய் வாழ் பெருமக்களுக்கு

அறிவிப்பு. கட்டெறும்பு 8-இல் ட்யூனிங் என்று ஒன்றும் இல்லை. ஸ்பார்க்கை மாற்றினேன், கலவையை மாற்றினேன், இரண்டு மாதம் மாற்றினேன். மிச்சமானது ஒன்றுமில்லை. சும்மா கோப்பை மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தபோது டேங்க் கணக்கில் ஒரு வரி கண்ணில் பட்டது. உள்ளே இருப்பதில் அறுபது கிலோமீட்டருக்கானதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டு என்று ஒரு வரி. பக்கத்தில் அக்காவின் குறிப்பு: ‘பிடியரிசி. எலிக்குச் சொல்ல வேண்டாம்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. எலிக்குச் சொல்ல வேண்டாமாம். வரியை எடுத்தேன். வண்டி அறுபது கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது. அதற்குப் பதினைந்து சதவீதம் என்று பெயர் வைத்து, கீழே என் பெயரைப் போட்டேன். அவள் கண்டுபிடித்து என் காதைத் திருகுவாள், எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் கோப்பைத் திறந்து பார்க்கவே இல்லை. தம்பி எழுதியது என்று விட்டுவிட்டாள்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. இந்த வண்டியில் முதல் தடவையாக அது உண்மையைக் காட்டுகிறது. ஜீரோ என்றால் ஜீரோ. அவளுக்கு மட்டும் அது தெரியாது.

உங்கள் வண்டியில் இது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். உங்கள் பிடியரிசியையும் நான்தான் தின்றிருக்கிறேன்.

உலையை வைத்துவிட்டேன். பீப்பாயிலிருந்து மூன்று பேருக்கு அளந்து போட்டேன். கதவைத் திறக்கப் போகிறேன். சிலிண்டர் வண்டியின் ஒரு சக்கரம் ஆடுகிறது, பத்தாம் நம்பர் ஸ்பானர்தான் வேண்டும், அதைக் கையில் எடுத்திருக்கிறேன்.

விசாரணை முடிந்தது, ஜெபராஜ் அண்ணே. நான்தான் எடுத்து ஒளிச்சேன்.