பல்சக்கரம் சின்னதாக இருந்தால் என்ன

எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலில் கிரீஸ் வாசம் போகவில்லை. நேற்று உன் கிராங்கை, அந்த மிதிகட்டைத் தண்டும் பல்சக்கரங்களும் சேர்ந்த பாகத்தை, என் சைக்கிளில் மாட்டினேன். இன்று காலை அதை மிதித்துக்கொண்டு கோத்தா திங்கிப் பக்கம் மேடேறிவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நீ திரும்பியிருந்தாய். சைக்கிளை விற்றுவிடச் சொல்லி உன் அண்ணன் வாங்க ஆளே பார்த்துவிட்டார். நீயோ தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு ரெங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். பெட்டிக்குள் புதுக் கிராங்க், பழையதைவிடச் சின்னப் பல்சக்கரங்களோடு.

"பெரிய சக்கரத்தை மிதிக்க இப்ப காலுல பலம் இல்லடி. அதுக்காக நான் ஏன் நிறுத்தணும்? சைக்கிள் மாறட்டும்."

மாட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினோம். செம்பனைத் தோட்டத்து மேட்டில், பெரிய சக்கரத்திலிருந்து சின்னதுக்கு மாற்றியபோது உன் சங்கிலி கழன்று விழுந்தது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நின்று பார்த்துச் சிரித்தார். "ஏம்மா இந்த வெயில்ல? வீட்டுக்குப் போங்க லா."

நீ புல்லில் உட்கார்ந்து பார்த்தாய். சங்கிலியை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன்பக்க டெரெய்லர் பழைய உயரத்திலேயே நின்றது. சக்கரம் சின்னதானதில், டெரெய்லருக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போகும் அளவுக்கு இடைவெளி. கேபிளைத் தளர்த்தி, டெரெய்லரை இறக்கி, பத்துக் காசு நாணயம் நுழையும் அளவுக்கு வைத்தாய். சக்கரத்துக்கு நேராக அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை அதட்டினாய். சங்கிலி உள்பக்கம் விழாதபடி சின்னத் திருகாணியையும் முடுக்கினாய். முடுக்கும் அலன் கீ உன் கையிலிருந்து இரண்டு முறை வழுக்கியது. அதை வாங்கப் போனேன், தரவில்லை. பிறகு ஏறினாய். மேலே போனதும் வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மேடு எங்க இருக்கு?" என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகு என் முட்டி கெட்டுவிட்டது. நம் சைக்கிள் குழுவின் தலைவர் அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க இனிமே பின்னால கார்ல வாங்களேன்." அந்த வாரமே உன் அண்ணன் தங்காக்கிலிருந்து கிராங்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாயாம். நாம் சேர்ந்து வாங்கிய ஒரே மாதிரி சைக்கிள்கள்தானே, அளவு சரியாக இருந்தது. டெரெய்லரை நானே இறக்கினேன். முதலில் உரசியது, கொஞ்சம் திருப்பினேன், சத்தம் நின்றது.

இன்று மேட்டில் குழுவின் கார் என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. கதவைக்கூடத் திறந்து காட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி ஆளாகத்தான் மேலே போனேன், ஆனால் மிதித்தே போனேன்.

தலைவர் தண்ணீர் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "உங்க கூட்டாளியும் இப்படித்தான் அடம் பிடிச்சாங்க. ஓய்வா இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க, பாவம்."

"பாவம்னு சொல்லாதீங்க. அவ ஓட்டுனதால சாகல. சாகுற வரைக்கும் ஓட்டுனா."

அப்படிச் சொல்லிவிட்டு நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். இப்படி வெடுக்கென்று பதில் சொல்பவளாக நான் இருந்ததில்லை, உனக்கே தெரியும். அது உன் வாய். என்னிடம் வந்துவிட்டது, இனி என்னோடுதான் இருக்கும்.