ஆறு மாதம் அடித்த புயல்

நைனார்பாளையம்
30.11.2025

அன்புள்ள மகன் தமிழ்வேந்தனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மருமகள் ஷாலினியும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே மாடு இரண்டும் நலம், தென்னை நலம், உன் தங்கை வீட்டிலும் எல்லாரும் நலம். நான் மட்டும் கோபமாக இருக்கிறேன், அதை நலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாததால் அப்படியே விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அம்மா மீட்டிங், அம்மா பரேடு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதோடு உன் நேவி அகாடமியில் பிள்ளைகள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நீயே சட்டம் போட்டிருக்கிறாயாம். சட்டம் போட்டவன் தன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதி எத்தனை வருடம் ஆகிறது என்று நீயே எண்ணிப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஜெயம்மாள் வந்தாள். கரும்பு வெட்டப் போகிறவள், அவள் மகள் எழில்மதிதான் உன் அகாடமியில் பயிற்சியில் இருக்கிறாள். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலத்தில் என் கையால் முட்டை வாங்கித் தின்ற பெண். நேவியில் சேர்ந்தபோது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஜெயம்மாள் கையில் ஒரு கவர். பொண்ணு படிக்கிற எடத்துலேர்ந்து வந்துருக்குது, இன்னா எழுதிருக்குதுன்னு படிச்சு சொல்லுங்க டீச்சரம்மா என்றாள். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழில்மதி நீச்சல் தேர்வில் தேறவில்லை, அதனால் ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளி நிறுத்தியிருக்கிறோம், அவள் கூடப் படித்தவர்களைவிட ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே வருவாள் என்று இருந்தது. கீழே கையெழுத்து. அதைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. பள்ளிக்கூட நோட்டு அட்டை முழுக்க நீ போட்டுப் பழகிய அதே கையெழுத்து.

ஜெயம்மாள் அழவில்லை. பொண்ணு போன்லயே சொல்லிடுச்சு டீச்சரம்மா, இருந்தாலும் காயிதத்துல வேற எதுனா இருக்குமோன்னு பாத்தேன் என்றாள். பிறகு, லீவுக்கு வந்தா திரும்ப அனுப்பப்போறதில்ல, எங்கண்ணன் தையில மாப்ள வூட்டுக்காரங்கள இட்டாறேன்னுட்டாரு என்றாள். அதோடு விட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். போகும்போது கேட்டாள். உங்க புள்ளையையும் இதே மாதிரி ஆறு மாசம் நிறுத்தி வெச்சாங்களாமே, அவருக்கும் நீச்ச வரலியாமே, அவரே கூப்ட்டு சொன்னாருன்னு பொண்ணு சொல்லுது, நெசமா என்றாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும். சிரித்தேன். என் பிள்ளை எந்தப் பரீட்சையிலும் நின்றதே கிடையாது, அழுகிற பெண்ணைத் தேற்ற ஏதோ சொல்லியிருப்பான், அதையெல்லாம் நம்பாதே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஜெயம்மாள் முகம் விழுந்துவிட்டது. அப்ப சும்மா சொன்னதுதானா என்று கேட்டுவிட்டு, கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் அங்கே ஊன்றி நிற்பதற்கு இருந்த ஒரே ஒரு பிடியை நான்தான் உடைத்தேன். தெரிந்து உடைக்கவில்லை. நீ சொல்லாததால் உடைத்தேன்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் உன் பயிற்சி முடிகிற அணிவகுப்புக்கு, அப்போது அகாடமி இருந்த கோவாவுக்குப் போக டிக்கெட் எடுத்து, ஊர் முழுக்கச் சொல்லி, அப்பாவுக்குச் சட்டை தைத்து வைத்திருந்தோமே, அப்போது கடலில் புயல், கப்பல் பயிற்சி நடக்கவில்லை, அதனால் அணிவகுப்பு ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது என்றீர்களே, நீயும் உன் அப்பாவும், அது ஞாபகம் வந்தது. ஆறு மாதம் அடிக்கிற புயலை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் நம்பியிருக்கிறேன். நம்பினதோடு விட்டேனா, கேட்டவர்களுக்கெல்லாம் கோவாப் பக்கம் காற்று எப்படி அடிக்கிறது என்று நேரில் பார்த்தவள் மாதிரி விவரம் வேறு சொன்னேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியை அவர் போன நாலு வருடத்தில் நான் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். பத்திரம், ஆலை வேலையின் பழைய அடையாள அட்டை, அதற்கடியில் ஒரு கவர். ஜெயம்மாளுக்கு வந்த அதே கடிதம். அதே நங்கூர முத்திரை, பெயரும் தேதியும் கையெழுத்தும் தவிர வரிக்கு வரி அதேதான். வீட்டு விலாசத்தில் தபால் தொலைந்து போகிறது என்று அவர் சர்க்கரை ஆலை விலாசத்தைக் கொடுத்திருந்தார். நானும் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

நீ உன் அப்பாவிடம் சொல்லவில்லை, அவருக்குக் கடிதம் வந்ததும் உனக்குத் தெரியாது, இல்லையா? நீ எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு புயல் என்றாய். அவர் ஆமாம் புயல்தான், ரேடியோவில் சொன்னான் என்றார். இரண்டு ஆம்பிளைகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே கூட்டுச் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்துப் போன அணிவகுப்பில் உன் தோளில் பட்டை வைத்தோமே, வலது தோளுக்கு நான், இடது தோளுக்கு அவர். அவர் பட்டையைக் கீழே போட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர். எல்லார் எதிரிலும் இப்படி மானத்தை வாங்குகிறீர்களே என்று அவரை அங்கேயே திட்டினேன். அந்த மனுஷன் எதற்கு அழுதார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது, இப்போது தெரிந்து நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது.

நீ எதற்கு மறைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதில் மேலக்காட்டுக் கிணற்றில் அந்தப் பையன் முழுகிச் செத்துப் போனதிலிருந்து கிணற்றுப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்று உன்னைக் கட்டிப்போட்டு வளர்த்தவள் நான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பம்புசெட்டு மேலிருந்து குதிக்கும்போது நீ வரப்பில் நின்று அவர்கள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நேவி என்றதும் முதலில் நீச்சல் தெரியாதே என்றுதான் கேட்டேன், பிளேன் ஓட்டறவனுக்கு எதுக்கும்மா நீச்சல் என்றாய், நானும் நம்பிப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். என்னால்தான் நீ தோற்றாய் என்று தெரிந்தால் நான் தாங்க மாட்டேன் என்று நீயாக முடிவு செய்துகொண்டாய். யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? உன்னைப் பெற்றதைத் தாங்கினேன், இருபது வயதில் அனுப்பியதைத் தாங்கினேன், விமானத்தில் நடுக்கடலுக்குப் போகிறாய் என்றால் திரும்பி வந்து போன் செய்கிற வரைக்கும் தாங்கினேன். ஒரு ஆறு மாதத்தைத் தாங்க மாட்டேனா.

இந்த அகாடமி வேலைக்கு நீ போனபோதே எனக்குப் பாதிக் கோபம் வந்தது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் ஓட்டப் பழகினாய், கொச்சியில் சின்ன விமானம், அரக்கோணத்தில் பெரிய விமானம், தாம்பரத்தில் மற்றவர்களுக்குப் பறக்கச் சொல்லித்தருகிற படிப்பு, ஊட்டிப் பக்கம் ஒரு வருடம் அதிகாரிகளுக்கான படிப்பு, கடைசியில் ஒரு விமானப் பிரிவுக்கே தலைவன். எல்லாம் முடிந்து பார்த்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற வேலை. பங்காளி கண்ணாயிரம் கடைவீதியில் வைத்து, இன்னாங்க அண்ணி, புள்ளைய கீழ எறக்கிட்டாங்களா, வாத்தியார் வேல பாத்துக்கினு இருக்குதாமே என்று கேட்டான். நான் உன்னிடம் கேட்டதற்கு, பறந்து காட்டினவனைத்தான் அம்மா அதிகாரிகளை உருவாக்க அனுப்புவார்கள், இது முடிந்தால்தான் அடுத்த பட்டை, அது இருக்கட்டும், எனக்கே பிடித்துத்தான் வந்தேன் என்றாய். எதற்குப் பிடித்தது என்று சொல்லவில்லை. விமானத்தை விட்டுவிட்டு நீ எதற்கு அங்கே போய் நின்றாய் என்று ஜெயம்மாள் மகள் சொல்லித்தான் எனக்குப் புரிகிறது. தோற்ற பிள்ளையைக் கூப்பிட்டு, நானும் தோற்றவன்தான் என்று சொல்ல ஒரு ஆள் அங்கே வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். நல்ல காரியம். ஊர் பேர் தெரியாத பிள்ளைகளிடமெல்லாம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஜெயம்மாளைத் தேடிப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆட்களோடு மலைக்குப் போய்விட்டாள், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் அந்தப் பெண் லீவில் வந்துவிடும். இரண்டு கடிதம் என்றால் நம்புவாள் என்று அப்பாவின் கவரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் ஏறினேன். அறுபத்தெட்டு வயதில், ஒவ்வொரு வளைவுக்கும் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு போனேன். இறங்கி இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். உன் தங்கை கேட்டால் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறேன், எனக்கும் பொய் சொல்ல வரும்.

அவள் இன்னும் இடுப்பிலேயே செருகி வைத்திருந்த கவரை வாங்கி, கிழங்கு மூட்டை மேல் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஜெயம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைப் பார்த்தாள், வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். அப்ப நெசந்தானா, ஏன் டீச்சரம்மா அன்னிக்கு இல்லன்னீங்க என்றாள். சுற்றி எட்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது, என்னிடம் யாரும் சொல்லவில்லை என்றேன். இதைச் சொல்ல நான் மலை ஏறி வர வேண்டியிருந்தது. அவள் என்னையே பார்த்துவிட்டு, எம்பொண்ணு அன்னிக்கே போன்ல அழுதுகினே எல்லாத்தையும் சொல்லிடுச்சு, எங்கிட்ட ஒண்ணும் மறைக்காது என்றாள். குத்திக் காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் அவள் பெண் சொன்னது, எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்கிற என்னிடம் என் பிள்ளை சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை வர வேண்டாம் என்று அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போடச் சொன்னேன், போட்டாள். லீவு முடிந்ததும் எழில்மதி உன் அகாடமிக்கே திரும்பி வருவாள். லீவு முழுக்க அவள் நம் பம்புசெட்டுக் கிணற்றில்தான் நீந்தப் போகிறாள். நம் தெருத் தைலம்மாள் மகள் செவ்வந்தி சொல்லித்தருகிறேன் என்றிருக்கிறாள். நம் கிணற்றில் இவர்களை இறக்கலாமா என்று கண்ணாயிரம் வந்து இழுத்தான், அது என் கிணறு, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றேன். அவள் இடுப்பில் கட்டுகிற கயிற்றின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறேன். கிணற்றைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பயம்தான், இருக்கட்டும்.

ஒன்று செய். இனிமேல் நிறுத்தி வைக்கிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிற கவரில், அவரவர் பாஷையில் உன் கையால் ஒரு தாள் எழுதி வை. இங்கிலீஷ் தெரியாதவர்கள் அடுத்தவள் வீட்டுக் கதவைத் தட்டிப் படித்துச் சொல்லக் கேட்க வேண்டாம். குளிரில் பாப்பாவுக்குக் காதை மூடிவிடு. நீயும் மாத்திரையை நேரத்துக்குப் போடு. எனக்கு என்ன கோபம் இருந்தாலும் நீயும் ஷாலினியும் பாப்பாவும் தீர்க்காயுசாக, குறை இல்லாமல் இருக்க வேண்டும், அடுத்த பட்டையை வைக்க என்னைக் கூப்பிட வேண்டும்.

அப்பாவின் கவருக்குள் அந்தக் கடிதம் மட்டும் இல்லை. அவர் அகாடமிக்குப் பதில் எழுதிப் பார்த்த தாளும் இருந்தது, தமிழில், அடித்து அடித்து எழுதியது. அனுப்பினாரா என்று தெரியாது. ஐயா, என் மகனுக்கு நீச்சல் தெரியாதது அவன் குற்றம் இல்லை, இன்னும் ஆறு மாதம் என்ன, ஒரு வருடம் ஆனாலும் வைத்துச் சொல்லிக்கொடுங்கள், வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று எழுதி, அதற்குக் கீழே, இது அவன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவள் சாப்பிட மாட்டாள் என்று எழுதியிருக்கிறார். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, அது உனக்கு எழுதியது. அதை நான் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டேன், தபாலிலும் அனுப்ப மாட்டேன். நீ இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் இன்னும் படிக்கவில்லை.

உன் அம்மா,
அ. பெரியநாயகி