கை காலியில்லாத சம்பந்தி

சாச்சொன்,
ஞாயிறு மதியம்

அன்பு மகன் கிதேவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அப்பா சத்தமாகச் சுகம். அந்தப் பாலைவன வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. போனில் சொல்ல வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா அடுத்த அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், உன் பெயரை வாயால் சொல்ல மாட்டாராம், காதால் மட்டும் கேட்பாராம். அதனால்தான் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வைத்து உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்த உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. கல்யாணம் உண்டா இல்லையா என்று தெரியாமல் நீயும் போராவும் தோஹாவில் நகம் கடித்துக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் போன வாரம் பக்கத்து ஊர் ஜின்ஜுவில் பெண் வீட்டாரைப் பார்க்கப் போய் நான் பட்ட பாட்டை முழுசாகப் படித்த பிறகுதான் அது உனக்குத் தெரிய வேண்டும். எங்களைத் தனியாக மாட்டிவிட்டதற்கு அம்மா தரும் தண்டனை என்று வைத்துக்கொள்.

உங்கள் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை, பெரியவர்களே பார்த்துப் பேசிவிடுங்கள் என்றாய், சரி என்றேன். அதோடு விட்டாயா, "போராவோட அப்பாவும் விமானப்படைல இருந்தவர்தாம்மா, நம்ம அப்பாவுக்குப் பேச்சுத் துணையா இருக்கும்" என்றாய் பார், வம்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. முப்பத்தெட்டு வயது வரை கல்யாணமே வேண்டாம் என்றவன் இப்போதுதான் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்கிறான், அந்தப் பெண்ணின் அப்பா ஒரு பைலட்டாக இருந்து தொலைக்க வேண்டுமா? உன் அப்பா என்ன நிலைமையில் இருக்கிறார் என்று உனக்குத் தெரியாததில்லை. நீ சீருடையைக் கழற்றிவிட்டு அந்த அரபு நாட்டு விமானக் கம்பெனிக்குப் போனதிலிருந்து தினமும் காலையில் விமானத்தளத்தின் பின்வாசல் நூடுல்ஸ் கடையில் ஓய்வுபெற்ற கூட்டாளிகளோடு உட்கார்ந்து இதே பாட்டுத்தான். "அரசாங்கம் செலவழிச்சுப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும், இவனுங்க கத்துக்கிட்டு அயல்நாட்டுக்காரனுக்கு பஸ் ஓட்டப் போயிடுவானுங்க, கட்டாய சேவையை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டணும்யா" என்பார். மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள், அவர்கள் பையன்களும் போனவர்கள்தானே. பிறகு அரசாங்கத்தைத் திட்டுவார்கள், அடுத்து வரப்போகிற அரசாங்கத்தையும் முன்கூட்டியே திட்டி வைப்பார்கள்.

ஆகையால் நானும் போராவின் அம்மாவும் முன்னாடியே போனில் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டோம். அரசியல் கூடாது, படைக் கொள்கை கூடாது, விமானம் கூடவே கூடாது. "அப்ப இவங்க என்னதாங்க பேசுவாங்க?" என்று அந்த அம்மா கேட்டாள், மழையைப் பற்றிப் பேசட்டும் என்றேன். நல்ல பெண்மணி, சிரிப்பில் ஒளிவு மறைவு கிடையாது. கிளம்புகிறபோது உன் அப்பாவிடம் மூன்றையும் சொல்லி, தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கினேன். கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டே, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

ஜின்ஜுவில் அந்தப் பழைய சாப்பாட்டுக் கடையின் உள்ளறை, தரையில் மெத்தை, மேஜை தெரியாத அளவுக்குக் கிண்ணங்கள். போராவின் அப்பா குவாக் சம்பந்தி வெள்ளைச் சட்டையில் வந்தார், நல்ல உயரம், குரல் அவர் ஓட்டின சரக்கு விமானம் மாதிரியே மெதுவாகக் கிளம்பிப் பெரிதாக முடிகிறது. "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி" என்று வாய் நிறையக் கூப்பிட்டார், எனக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த கேள்வி என்ன தெரியுமா, "நீங்க அகாடமில எந்த பேட்ச்?" என்பதுதான். உன் அப்பா சொன்னார். சம்பந்தி சிரித்தார். அவர் ஒரு வருஷம் மூத்த பேட்ச்சாம். அவ்வளவுதான், உன் அப்பாவின் முதுகு நேராகிவிட்டது, கை முழங்கால்மேல் போய்விட்டது, அறுபத்தொன்பது வயதுக் கிழவர் பதினெட்டு வயதுப் பயிற்சிப் பையன் மாதிரி கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் "வாங்க" போய் "வா" வந்துவிட்டது, குடும்பப் பெயர் சொல்லி அதட்டலும் வந்துவிட்டது. "ஏய் யாங், நீ வடக்கு விடுதியா தெற்கு விடுதியா? உன்னய நான் மைதானத்துல ஓட விட்டிருப்பேனே" என்றார். ஓட விட்டிருக்கிறார், இவரும் அதை மறக்கவில்லை. சம்பந்தி என்றால் இரண்டு பக்கமும் "நீங்க"தான், மாப்பிள்ளை வீட்டாரை "நீ" என்று கூப்பிட்டு நான் எங்கும் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பெண்ணின் அம்மா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை என்று சொன்னேனே, மழையில்தான் ஆரம்பித்தார்கள். மழையிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மூடுபனி, மூடுபனியிலிருந்து ஓடுபாதை, சூப் ஆறுவதற்குள் விமானம் வந்துவிட்டது. நான் பேச்சை மாற்ற இந்த முள்ளங்கிக் கிம்ச்சி நன்றாக இருக்கிறது என்றேன், சம்பந்தி மேற்கே தான் பிறந்த ஜொல்லாப் பக்கத்தில் இன்னும் நன்றாக இருக்கும் என்றார், உன் அப்பா கிழக்கே எங்கள் பக்கம் மட்டும் மட்டமா என்றார், கிழக்குக்கு ஒரு கட்சி மேற்குக்கு ஒரு கட்சி ஆயிற்றே, கிம்ச்சியிலிருந்து நேராகத் தேர்தலுக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஒரு வேடிக்கை. பையன்களுக்குக் கட்டாய ராணுவ மாதங்களைக் குறைத்தது தப்பு என்று சம்பந்தி சொல்ல, உன் அப்பாவும் தப்புத்தான் என்றுவிட்டார். இருவரும் திகைத்துப்போனார்கள். எதிர்க்கட்சி ஓட்டுக்காரர்கள் ஒத்துப்போனால் மேற்கொண்டு என்ன பேசுவது? கொஞ்ச நேரம் மீனைக் கிள்ளிக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு சம்பந்தியே வழி கண்டுபிடித்தார். "போர் விமானக்காரங்களுக்கு அவசர புத்தி, ஏன் தெரியுமா? உங்க விமானத்துல கக்கூஸ் கெடையாது. எங்க சரக்கு விமானத்துல இருந்துச்சு. அடக்கிட்டுப் பறக்கறவனுக்கு நிதானம் எங்கேருந்து வரும்?" என்றார். பரிமாற வந்த பெண் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். உன் அப்பாவுக்கு சீனியர் என்ற பயமெல்லாம் பறந்துவிட்டது. "நாங்க மேல நின்னு காவல் காத்ததாலதான் சீனியர் நீங்க உள்ள நிம்மதியா உக்காந்திருக்க முடிஞ்சுது" என்றவர், எப்படிக் காவல் காத்தோம் என்று காட்ட இரண்டு கையையும் தூக்கினார். உனக்கு இந்தக் கை தெரியும். வலது கை இவர், இடது கை எதிரி. வலது கை சூப்பைச் சுற்றி வந்து, ஜாப்சே நூடுல்ஸ் தட்டுக்கு மேலே குட்டிக்கரணம் போட்டு, இடது கையின் வாலைப் பிடிக்கப் போகிறது, அந்த நேரம் பார்த்து குவாக் சம்பந்தி சோஜு பாட்டிலை எடுத்து "இந்தா, பிடி" என்று நீட்டினார்.

சீனியர் ஊற்றினால் ஜூனியர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடிக்க வேண்டும். இவருக்குத்தான் கை காலியில்லையே! பாட்டில் நீட்டினபடி நிற்கிறது, உன் அப்பா அதைப் பார்க்கிறார், எதிரியையும் பார்க்கிறார், கையை இறக்க மனசு வரவில்லை. "ஒரு நிமிஷம் சீனியர், வாலுக்கு வந்துட்டேன்" என்கிறார். நான் தொடையில் கிள்ளினேன், அந்த அதிர்ச்சியில் எதிரி போய் சோயா சாஸ் கிண்ணத்தில் விழுந்தான், சம்பந்தியின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு.

சட்டையைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. முகம் சிவந்து பாட்டிலை டக்கென்று வைத்தார். "நான் ஊத்தறத வாங்கிக்க உனக்குக் கை வரலியா? அதான், அப்பன் எப்படியோ பையனும் அப்படி. நாட்டுச் செலவுல பறக்கக் கத்துக்கிட்டு அரபு நாட்டுக்குப் பஸ் ஓட்ட ஓடிப்போனவன்தானே. பொண்ணு ஆசைப்பட்டுட்டாளேன்னு வாய மூடிட்டு வந்தேன். இந்தச் சம்பந்தம் சரிவராது" என்று எழுந்துவிட்டார். எனக்கு உலகமே நின்றுவிட்டது, கிதே. பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நீ ஆசைப்பட்ட ஒரே ஒரு காரியம் ஒரு சோயா கிண்ணத்தில் மூழ்கிப்போகிறதே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் மனுஷனால் போக முடியவில்லை. தரையில் மடக்கி உட்கார்ந்ததில் கால் மரத்துப்போய்விட்டது. ஓரடி வைத்தார், ஆடினார், பிடிக்க ஆள் இல்லாமல் உன் அப்பாவின் தோளையே பிடித்தார். இவரும் எழுந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்த மாதிரி நிற்கிறார்கள், முகம் மட்டும் ஜென்மப் பகை. அந்த நிலையில்தான் உன் அப்பா பேசினார். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம் அவராகச் சொல்ல மாட்டார்.

"சீனியர், நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு வருஷமா நானும் இதத்தான் சொல்றேன். எங்க ஊர் நூடுல்ஸ் கடைல வந்து கேளுங்க, உங்களவிட நல்லாவே சொல்லியிருக்கேன். ஆனா அதச் சொல்ல பாத்தியதை எனக்கு மட்டுந்தான். அவன் கட்டாய சேவைய ஒரு நாள் கொறைக்காம முடிச்சுட்டுத்தான் போனான். பண்டிகை நாள்ல ஊரே சாப்பிடும்போது அவன் காவலுக்கு விமானத்துல ஏறி உக்காந்திருந்தான். அவன நான் திட்டுவேன், நாளைக்கும் திட்டுவேன். வேற யாராவது திட்டினா, அவரு எந்த பேட்ச்சா இருந்தாலும் சரி, எனக்கு ஜூனியர்தான்."

முப்பத்தொன்பது வருஷமாக அவரோடு குடித்தனம் செய்கிறேன், அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சம்பந்தி காலை நீட்டி மெல்ல உட்கார்ந்தார். பெண்ணின் அம்மா ஈரத்துணியால் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "நம்ம போராவ எவனாவது இப்படிப் பேசியிருந்தா நீங்க சும்மா விடுவீங்களா?" என்று கேட்டாள், சத்தமே போடாமல். அவர் காலைத் தேய்த்தபடி யோசித்தார். "விட மாட்டேன்" என்றார். பிறகு பாட்டிலை எடுத்தார். இந்தத் தடவை ஒரு கையால் இல்லை கிதே, இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, "சம்பந்தி, வாங்கிக்குங்க" என்றார். ஒரு சீனியர்! உன் அப்பா அவசரமாகக் கோப்பையை நீட்டினதில் பாதி சோஜு மேஜைக்குப் போனது. குடிக்கும்போது மரியாதைக்கு இவர் அந்தச் சுவர் பக்கம் திரும்ப, அவரும் மரியாதைக்கு இந்தச் சுவர் பக்கம் திரும்ப, அப்போது உள்ளே வந்த பரிமாறும் பெண் மறுபடியும் சண்டை என்று நினைத்து ஓடிவிட்டாள்.

ஆகையால் கல்யாணம் உண்டு. இலையுதிர் காலத்தில், நீங்கள் லீவு வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான் பாக்கி. அதற்கப்புறம் அப்பாக்கள் இருவரும் சேர்ந்து ஹெலிகாப்டர்காரர்களைத் திட்டி ஆனந்தமாகச் சாப்பிட்டார்கள், நல்ல வேளை அந்த வகையில் உறவு யாரும் நமக்கு இல்லை. கிளம்புகிறபோது சம்பந்தி என்னிடம், "மாப்பிள்ள ஓட்டறது கக்கூஸ் இருக்கற விமானந்தானே, அப்ப அவரு எங்க ஆளு" என்றார். நீ வந்ததும் முதலில் அவர் காலில் விழு, இந்தக் கக்கூஸ் விவகாரத்தில் மட்டும் எந்தப் பக்கமும் சாயாதே. போராவிடம் நெத்திலியில் பாதியைக் கொடு, மிளகாய் விழுதைப் பிரிட்ஜில் வை, கழுத்தில் ஏ.சி. காற்று நேராகப் படும்படி தூங்காதே.

இன்னும் ஒன்று. உன் அப்பா குடித்திருந்ததால் திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். வாசலில் நிறுத்தினதும், "அவன் நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், மேகத்துக்குள் தலைகீழாகப் போன மனுஷனுக்கு ஒரு பொத்தானை அமுக்கத் தைரியமில்லை. ஆகவே நீயே கூப்பிடு, அடுத்த ஞாயிறு காலை, நான் சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில். எடுத்ததும் யாரு என்று கேட்பார். நீதான் என்று தெரிந்துதான் கேட்பார். கோபப்படாதே, பெயரும் சொல்லாதே. உங்க பையன்ப்பா என்று சொல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன்
அம்மா
ஓ மல்சுன்