முன்பக்க முடிச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பெரியவள் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே.

துணிக்கடையில் இப்போது என்னை ஸ்கார்ஃப் பக்கம் போட்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்களின் இடுப்பில் அதைக் கட்டிக் காட்ட வேண்டும். ஒல்லியானவர்களுக்கு இரண்டு சுற்று, புஸ்ஸென்று ஒரு முடிச்சு. இடுப்பு அகலமானவர்களுக்கு ஒரே சுற்று. பக்கவாட்டில் முடிந்து முனையைத் தொங்கவிட வேண்டும். தொப்பை இருந்தால் கொஞ்சம் கீழிறக்கிச் சரித்துக் கட்டினால் போதும்.

நேற்று ஒரு கூத்து. அச்சு அசல் உன் உடல்வாகில் ஒரு அம்மா இடுப்பைப் பிடித்தபடி வந்தார். உன் இடுப்பு வலிக்குத் துண்டு கட்டிவிட்ட பழக்கத்தில், என் கை தன்பாட்டுக்கு இறுக்கி இழுத்துப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டது.

"என்னடி இது, பிள்ளை பெத்தவளுக்குக் கட்டுற மாதிரி!" என்று மேற்பார்வை அக்கா கத்தினாள்.

"அவுக்காதம்மா. கொஞ்ச நேரம் இப்படியே நின்னுக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

சிரிப்புத்தான், போ.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், நீ கட்டிப் பழசான துண்டு ஒன்று கொடுத்தனுப்பு. தலை துவட்ட.

இப்போது தம்பி பெண்டாட்டி தினமும் உனக்குத் துண்டு கட்டிவிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிச்சு முன்பக்கம் இருக்கிறது. தனக்குத்தானே கட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் அங்கே வரும், அம்மா.

மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு இறுக்கு. இங்கிருந்து வேறென்ன சொல்வேன்? கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்