சந்தனம் வைத்த லேப்டாப்

6 அக்டோபர் 2001, சனி
ஈஸ்ட் பிரன்ஸ்விக்

ப்ளக்கை எடுத்ததும் லேப்டாப் இன்றும் செத்தது. ஊருக்குத் திரும்பிப் போன சேனாபதி அங்கிளிடம் அப்பா வாங்கியது. கோயில் பலகையில் அவர் ஒட்டியிருந்த சாமான் விற்பனைத் தாளைப் பார்த்துப் போனார். "பாட்டரி சூப்பர் சார்" என்றாராம். இப்போது அவர் திருச்சியில். யாரிடம் கேட்பது?

புது பாட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு அப்பா கடையை விட்டு வெளியே வந்தார். "நம்ம ஒரு மாச மளிகைங்க அது" என்றாள் அம்மா. அதோடு முடிந்தது.

அப்பாவுக்குப் போன மாதம் வேலை போய்விட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும். ஒரே ஒரு கம்பெனிதான் கூப்பிட்டிருக்கிறது. 26ஆம் தேதி, தான் எழுதிய ப்ரோகிராமைத் தன் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

10 அக்டோபர்

பாட்டரியை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று பக்கத்து வீட்டு ஜலஜா ஆன்ட்டி சொன்னார். தேங்காய்த் துருவலுக்கும் பட்டாணிக்கும் நடுவே படுத்திருக்கிறது. நடக்குமா? சயின்ஸ் டீச்சரிடம் கேட்க வெட்கம்.

12 அக்டோபர்

உயிர் வரவில்லை. தேங்காய் வாசனைதான் வந்தது.

19 அக்டோபர்

வயர் நீளம் போதாது. அதனால் மேசையைச் சமையலறைச் சுவரோரம் நகர்த்திவிட்டோம். எல்லோரும் வயரைத் தாண்டித் தாண்டி நடக்கிறோம். அப்பா சாப்பிடுவதும் அங்கேயேதான்.

இங்கே லைப்ரரியில் கை கொள்ளும் அளவுக்குப் புத்தகம் தருகிறார்கள். திரும்பிப் போனால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

26 அக்டோபர், வெள்ளி

நேற்று சரஸ்வதி பூஜை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இந்த டைரியும் பூஜையில்தான் இருந்தது.

லேப்டாப்பை ஓடவிட்டு, மூடியை மட்டும் சாத்திவிட்டு அப்பா குளிக்கப் போனார். அம்மா என் புத்தகங்களை எல்லாம் அடுக்கினாள். சோறு போடப்போவது லேப்டாப்தானே, முதல் பொட்டு அதற்குத்தான் என்று எடுத்து வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டாள். அப்பா வந்து பார்த்தபோது வயர் தரையில் கிடந்தது.

"ருக்கு, ப்ளக்க ஏன் புடுங்குன?"

"மூடித்தானுங்க இருந்துச்சு. அணைச்சாச்சுன்னு நெனச்சேன்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டுப்போய்விட்டது. ஃப்ளாப்பியில் இருந்தது போன வாரத்துப் பிரதி. மறுநாள் இன்டர்வியூ. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். அப்பா அம்மாவையே பார்த்தபடி நின்றார்.

"எடுக்க வேண்டாம். சாமிய ப்ளக் இருக்கற பக்கம் கொண்டு வந்தர்லாம். கண்ணு, அந்த வெளக்கப் புடி" என்றாள் அம்மா.

படம், விளக்கு, புத்தகங்கள், சுண்டல் எல்லாம் மேசைக்கு வந்தன. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து அப்பா மறுபடியும் எழுதினார். எனக்குப் படிக்கத்தான் கூடாது, பார்க்கலாமே. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் இன்டர்வியூவிலிருந்து வந்தார். டை சட்டைப் பையில் இருக்கிறது. "பாதி வரைக்கும் ஓடுச்சு கண்ணு" என்றார்.

பாதி என்றால்?

2 நவம்பர்

போன் வந்தது. அப்பா திரும்பத் திரும்ப "தேங்க் யூ" என்றார். வேலை இல்லை என்று அதிலேயே புரிந்துவிட்டது.

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "ப்ளக்கப் புடுங்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ருக்கு" என்றார் அப்பா. உண்மையா?

1 டிசம்பர், சனி

லைப்ரரி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோயில் பலகையில் இப்போது எங்கள் தாள், என் கையெழுத்தில். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் லேப்டாப்பைக் கையில் எடுத்து, "பாட்டரி எப்படி சார்?" என்றார். அப்பா மூடியைக் காட்டினார். துடைத்தும் போகாத சந்தனக் கறைக்குக் கீழே நான் ஒட்டிய சீட்டு: "பாட்டரி வேலை செய்யாது." அவர் விலையைக் குறைத்துக் கேட்டார். அப்பா குறைத்தார்.

அம்மாதான் வயரைச் சுருட்டி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"அடுத்த பூஜைக்கு இது இருக்கற எடத்துலயே பொட்டு வெச்சிருங்க" என்றாள்.